கெட்டிக்காரிக்கு ஒரு வீடு

கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. சுபைறாவுக்கும் அவளுடைய வாப்பா கடற்கரை வீதியில் இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் கட்டி, அவளுடைய பெயருக்கே எழுதிக் கொடுத்தார். முன் அறையில் அவள் பதினான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்தாள். உயர்தரத்துக்கு மேல் படிக்கவில்லை. இருந்தும் ஊர் அவளை டீச்சர் என்றது.

சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் ஆறு ஆங்கிலச் சொற்கள். ஆறும் அறிவைப் பற்றியவை.

"எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தானே டீச்சர்?"

"ஒரே அர்த்தமெண்டா அவன் எதுக்குப் புள்ள ஆறு சொல்லு வெச்சிரிக்கான்?"

ஒரு தரம் சொன்னதும் கணக்கின் அடிவரை விளங்கிக்கொள்பவன் இன்டெலிஜன்ட். நடுக்கடலில் நின்றுபோன என்ஜினைக் கம்பித் துண்டால் ஓட வைப்பவன் கிளெவர். கேள்வி முடியுமுன் பதில் சொல்பவன், சட்டையையும் மடிப்புக் குலையாமல் போட்டிருப்பவன் ஸ்மார்ட். மழை வரப்போவதைப் பார்த்து, வயற்காரப் போடியாரிடம் நெல்லை அரை விலைக்கு வாங்குபவன் ஷ்ரூட். அதே நெல்லை அளக்கும்போது மரைக்காலுக்குள் கையை வைப்பவன் கன்னிங்.

"வைஸ் டீச்சர்?"

"அதுக்கு இந்தக் குறிச்சியில ஆளில்ல. கிடைச்சாச் சொல்றன்."

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று அவளும் ஒன்பது வயது மகள் கமீலாவும் சவளக்கடையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்கள். கணவர் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் அவரை அடக்கினார்கள். கடற்கரை வீதியில் அத்திவாரமும் கிணறும் மிஞ்சியிருந்தன. அங்கே இனிக் கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

தகரக் கொட்டில் ஒன்றில், புருசனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தாள். அது முடிந்த மறுநாள், வீடு கட்டிக் கொடுக்க வந்த நிறுவனத்துக்கு மொழிபெயர்க்கப் போனாள். மறுநாளே போனாள் என்பதை ஊர் எண்ணி வைத்துக்கொண்டது.

குறிச்சியின் வீட்டுக் கமிட்டிக்குத் தலைவர் இரும்புக் கடை மீராசாஹிபு. அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வதும், நிறுவனத்து வெள்ளைக்காரி கேட்பதைத் தமிழில் சொல்வதும் சுபைறாவின் வேலை. பட்டியல் குறைந்து குறைந்து, ஒரு வீடும் இரண்டு பெயர்களும் மிஞ்சின. ஒரு பெயர் இடியப்பம் அவித்து விற்கும் சபூறா. மற்றது சுபைறா.

சபூறா பாயில் முக்காட்டைப் பிடித்தபடி இருந்தாள். மீராசாஹிபு வெள்ளைக்காரியைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு பேரும் புருசன் மவுத்தான ஆக்கள்தான். சபூறாக்கு ஒண்டும் தெரியா. இவ கெட்டிக்காரி. எப்பிடியும் சமாளிப்பா." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க டீச்சர்."

வெள்ளைக்காரி பேனாவுடன் காத்திருந்தாள்.

அந்த அறையில் ஆங்கிலம் தெரிந்த இருவரில் ஒருத்தி சுபைறா. மீராசாஹிபு சொன்னதாக அவள் எதையும் சொல்லியிருக்கலாம். நோயாளி என்று சொல்லியிருக்கலாம். இன்டெலிஜன்ட் என்று சொல்லியிருந்தால், இப்படி ஒருத்தி கொட்டிலில் கிடக்கக் கூடாது என்றாவது அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் மீராசாஹிபு சொன்னது கம்பித் துண்டுக்காரனை. கையில் கிடைத்ததை வைத்து ஓட்டிக்கொள்ளும் ஆளை. பிழையான சொல்லைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கிளெவர்," என்றாள். சமாளிப்பாள் என்பதையும் விடாமல் சொன்னாள்.

வெள்ளைக்காரி சிரித்துத் தலையாட்டினாள். உண்மைதான், நானே பார்க்கிறேனே என்றாள். வீடு சபூறாவுக்குப் போனது. நிறுவனம் ஊரை விட்டுப் போகும்போது சுபைறாவுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் தந்தது. கிளெவர் என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் இருந்தது.

தகரக் கொட்டிலில் நாலரை வருடம். அங்கும் படிப்பித்தாள். பகல் சூட்டில் பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டு படித்தார்கள். கமீலா பெரிய பிள்ளையானாள். ஒரு நல்ல இடத்திலிருந்து சாடையாகப் பெண் கேட்டு வந்தவர்கள் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு எங்க கட்டிற?" என்று மட்டும் கேட்டார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திய வாரம். நிறுவனங்கள் வடக்கே போகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் போகுமுன் பதினைந்து வீடுகள் கொடுப்பதாகச் சொன்னது. கணவனை இழந்த, எழுத்தறியாத பெண்களுக்கு மட்டும். மீராசாஹிபு தானாகவே கொட்டிலுக்கு வந்தார்.

"இந்த முற வாயத் தொறக்காதீங்க மகள். இங்கிலிசும் தெரியா, தமிழும் வாசிக்கத் தெரியா. கைநாட்டு வைங்க."

"என்னைத் தெரியாத ஆள் ஆரு காக்கா இஞ்ச?"

"ஊருக்குத் தெரியும். வாறவனுக்குத் தெரியாதே. ஊரு வாய மூடிக்கும், அதுக்கு நான் பொறுப்பு."

"அண்டைக்கு உங்கட வாய மூடியிரிக்கலாமே."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "புள்ளைக்கு வீடு வேணுமா, வேணாமா?"

"வேணும்."

விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு மொழிபெயர்த்தவள் றுக்ஸானா. சுபைறாவிடம் ஆறு வருடம் படித்தவள். அதிகாரி கேட்ட கேள்வி ஆங்கிலத்திலேயே விளங்கிவிடும். றுக்ஸானா அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் விளங்காத முகத்துடன் இருக்க வேண்டும். அதுதான் கடினமாக இருந்தது. ஒரு கேள்விக்கு அவள் முந்திக்கொண்டு தலையாட்டப் போனாள். றுக்ஸானா சத்தமாக இருமினாள்.

"பள்ளிக்கூடம் போயிரிக்கீங்களா, டீ..." றுக்ஸானா மீதியை விழுங்கினாள். "ராத்தா?"

"இல்ல."

அதிகாரி இரக்கமாகத்தான் பார்த்தார். சிம்பிள் வுமன் என்று றுக்ஸானாவிடம் சொன்னார். றுக்ஸானா அதை மொழிபெயர்க்கவில்லை. பலகையில் இல்லாத சொல் அது. சுபைறா இடது பெருவிரலை மையில் வைத்தாள்.

வயலை மண் போட்டு நிரப்பிய காணியில், வரிசையில் ஏழாவது வீடு. அடுத்த வருடம் கதவுத் திறப்பு கைக்குக் கிடைத்தது. ஐந்து வருடம் கழித்துத்தான் வீட்டை அவள் பெயருக்கு உறுதி எழுதித் தருவார்கள். அதுவரை எந்த நேரமும் ஆள் வந்து பார்ப்பார்கள். பொய் சொல்லி எடுத்த வீடென்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் மாதம் இரண்டு பிள்ளைகள் கொப்பியுடன் வந்தார்கள்.

"கிளாஸ் எப்ப டீச்சர்?"

"கிளாசுமில்ல, டீச்சருமில்ல. றுக்ஸானாட்டப் போங்க."

பிள்ளைகள் போனார்கள். சுபைறா சபூறாவிடம் கேட்டு இடியப்ப உரலும் தட்டும் வாங்கி வந்தாள். விடியப் பிழிந்து, தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்றாள். பலகை கட்டிலுக்கடியில் முகம் குப்புறக் கிடந்தது.

கமீலாவுக்குச் சாதாரணதரச் சோதனை நெருங்கியது. ஒரு பின்னேரம் ஆங்கிலப் புத்தகத்தை விரித்துக்கொண்டு சமையற்கட்டுக்கு வந்தாள்.

"உம்மா, இந்த ரெண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம்?"

சுபைறா மாவுக் கையைத் துடைத்தாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள்.

"கதவச் சாத்திட்டு வா," என்றாள்.