ஆடி காப்பாற்றிய கான்கிரீட்

வண்டியூர் போகும் வழியில் இருக்கும் அந்தப் பூசாத கான்கிரீட் கட்டடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வார்க்கும்போது அடித்த பலகைகளின் ரேகைகூடச் சுவரில் அப்படியே இருக்கிறது. சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டும்.

இன்று அதன் முன்னால் ஒரு ஜேசிபி நின்றது. அவசரமாக நாலு படம் எடுத்தேன்.

"இதப் போயி எடுக்குறீங்களேக்கா! பூசக் காசில்லாம பாதியில விட்டது" என்றார், இடிக்க வந்திருந்த கான்ட்ராக்டர்.

"பாதியில விடலண்ணே. இதப் பூசவே கூடாது. அதுதான் அழகு."

"இதாக்கா அழகு? அம்புட்டும் இஞ்சி தின்ன மூஞ்சி மாதிரி இருக்கு."

இனி அழகைப் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. நாள், நட்சத்திரம் எதிலும் நம்பிக்கையில்லாத நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "ஆடி மாசத்துலயா ஆரம்பிக்கிறீங்க?"

"இடிக்கிறதுக்கு என்னக்கா ஆடி, ஆவணி?"

"இடிச்சிட்டு இங்கயே புதுசு கட்டப் போறாங்கல்ல? அப்ப அதுக்கு இதுதானண்ணே முதல் வேலை?"

அவர் முகம் மாறியது. தள்ளிப் போய் ஓனரிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"ஆவணி பொறக்கட்டும்னுட்டாருக்கா. நல்லவேள சொன்னீங்க."

ஜேசிபி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். ஆவணியில் வரிசையாக முகூர்த்த நாட்கள். அந்த மாதத்தில் எதையும் இடிக்கக் கூடாது என்பதற்கு நம்பும்படியான காரணம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

புரட்டாசியை நான் பார்த்துக்கொள்கிறேன்.