கண்ணாடியில் முட்டிய தண்ணீர்

என் மூத்த சகலை ஒரு திருடர். பணத்தையோ நகையையோ சொல்லவில்லை. நான் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்ததைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவர். இத்தனை வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

எண்பதுகளில் நான் தல்லாகுளத்தில் குடியிருந்தேன், அவர் காளவாசலில். கடற்கரை ஊரான மண்டபத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கேன் கேனாகக் கடல் தண்ணீரும், உயிருள்ள பவளக்கற்களும், நாலைந்து மீன்களும் கொண்டுவந்து கொடுத்தார். மதுரையில் வீட்டுக்குள் கடல் வைத்திருந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

மீன் கடையில் விற்ற காற்று மோட்டார் குமிழி மட்டும் விட்டது. தண்ணீர் நகரவில்லை. பவளத்தின் மேல் அழுக்குப் படிந்து, வெளுத்துச் செத்தது. அடுத்து, ஏர் கூலரில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைப் போட்டேன். உப்பில் அதன் பித்தளைத் திருகு பச்சை பூத்து, அந்த விஷத்தில் தொட்டியில் இருந்தது அத்தனையும் போயிற்று. நண்பர் மறுபடியும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, தண்ணீர் படுகிற இடமெல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கும் மோட்டாரைத் தேடி அலைந்து, பெரிதாக ஒன்று வாங்கினேன். அது நேராகப் பவளத்தின் மேல் பீய்ச்சியது. பவளம் சதையை உள்ளே இழுத்துக்கொண்டது. மீன்கள் மூலையில் ஒடுங்கின.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. பெரியது ஒன்று வேண்டாம், சின்னது இரண்டு போதும். இரண்டையும் கண்ணாடியைப் பார்க்க வைக்க வேண்டும். தண்ணீர் கண்ணாடியில் முட்டி, வேகம் உடைந்து, பல பக்கமாகத் திரும்பி வரும். அப்படி வைத்த பிறகு பவளம் விரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சகலை வந்தார்.

"எப்படி சகலை, இம்புட்டு அழகா விரியுது?"

புத்தியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி மேல் ஏறி நின்று, மேலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். அப்போதே இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

சில மாதத்தில் அவர் வீட்டிலும் தொட்டி வந்தது. என்னுடையதைவிடப் பெரியது. என் மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "அத்தான் வீட்ல ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலத்துக்கு விரிஞ்சு கெடக்கு. நம்ம வீட்டுது ஏன் இப்படிச் சவலைப்பிள்ளை மாதிரி நிக்குது?" எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு மாமனார் வீட்டார் எல்லாரும் காளவாசலில் கூடினோம். தொட்டியைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, வயிறு எரிந்தது. இரண்டு சின்ன மோட்டார். வலது மோட்டார் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்து இருந்தது, இடது மோட்டார் பின் கண்ணாடியைப் பார்த்து இருந்தது. என் தொட்டியில் இடது பக்கக் கண்ணாடியில் விரிசல். அதில் தண்ணீர் மோதக்கூடாது என்றுதான் நான் இடது மோட்டாரை மட்டும் பின்பக்கம் திருப்பியிருந்தேன். அவர் தொட்டியில் விரிசலே கிடையாது. என் விரிசலையும் சேர்த்துக் காப்பியடித்திருந்தார்.

மாமனார் கேட்டார்: "ஏன் மாப்ள, தண்ணி போயி கண்ணாடில முட்டுது?"

"நேரா அடிச்சா செத்துப்போகும் மாமா. ரொம்ப யோசிச்சு இப்படித் திருப்பி வச்சேன்."

பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பி, "சகலை, நீங்களும் இப்படி வச்சுப் பாருங்களேன். உங்க வீட்டுதும் பொழைச்சுக்கும்" என்றார்.

"அண்ணே, அது நான் சொல்லிக் குடுத்தது!"

"ஆமாமா. மீனுக்கு நீச்சலும் சகலைதான் சொல்லிக் குடுத்தாரு!"

வீடே சிரித்தது. மாமியார் பலகாரத் தட்டை என் முன்னால் வைத்து, "சின்ன மாப்ளைக்கு எதுலயும் ஒரு பங்கு வேணும்" என்றார். என் மனைவியும் சிரித்தாள். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் கடல் வளர்த்தவர் பெரிய மாப்பிள்ளை, பார்த்துப் பொறாமைப்பட்டவன் சின்ன மாப்பிள்ளை.

பொறாமைப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. என்னுடையதைப் பார்த்துத்தானே பட்டேன்!

வருகிற தையில் அவர் பேத்திக்குக் கல்யாணம். அன்றைக்குச் சிரித்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். கல்யாண மண்டபத்தில் மைக் இருக்கும். என்னைத் தனியாக ஓரங்கட்டி, "விடுங்க சகலை" என்று தோளைத் தட்டுகிற வேலை வேண்டாம். மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள் அண்ணே: அது யார் யோசனை?