கடலைக் கொல்லையில் ஒரு கம்பம்

செந்துறைப் பக்கத்து ஊர்களில் டெலிபோன் ஒழுங்காக வேலை செய்யாததற்கு எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். எங்கள் தெருவைப் பொறுத்தவரை காரணம் என் அப்பா.

தெருவில் முதல் போன் பெரியப்பா வீட்டுக்கு வந்தது. கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை போட்டு, அவரும் அப்பாவும் பல வருடமாகப் பேசுவதில்லை; அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்வார்கள். போன் கம்பி போக எங்கள் கடலைக் கொல்லை நடுவில் ஒரு கம்பம் நட வேண்டும். அப்பா விடவில்லை.

"அவன் பேசுறதுக்கு என் கொல்லையில எதுக்குக் கம்பம்? ஏர் திரும்ப வேணாமா?"

லைன்மேன் கெஞ்சிப் பார்த்தார். பிறகு கம்பத்தை வரப்பிலேயே போட்டுவிட்டு, வேப்பமரத்தில் கம்பியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். காற்றடித்தால் கிளை உரசிக் கம்பி அறுந்துவிடும். போன் செத்துக் கிடந்த நாள்தான் அதிகம். அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். கேவலமான சந்தோஷம்.

பிறகு என் அண்ணன் சவுதிக்கு வேலைக்குப் போனான். கொடுக்க எங்களிடம் வேறு நம்பர் இல்லை. பெரியப்பா நம்பரை எழுதி, அடுத்தவர் வீட்டு போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் பி.பி. என்று போட்டுக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மதியம் பேசுவான். அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டுப் பெரியம்மா வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். அந்த ஆடிக் காற்றில் தொடர்ந்து நான்கு வெள்ளி போன் அடிக்கவில்லை. கடிதமும் இல்லை. மகன் எப்படி இருக்கிறான் என்று தெரியாமல் அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள்.

அப்பா உரம் வாங்க அரியலூர் போன அன்று, அவளே போய் லைன்மேனைக் கூட்டி வந்தாள். கம்பம் வரப்பில் அப்படியே கிடந்தது.

"கம்பத்த நட்டுடுங்க சார்."

"அவரு வந்து கத்துவாரேம்மா."

"கத்தட்டும். இன்னிக்கி நேத்தா கத்துறாரு?"

குழி தோண்ட நானும் கடப்பாரை பிடித்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அப்பா கம்பத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். உர மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே வீடு திரும்பினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே கேட்டார்.

"என்ன சொன்னான்?"

"போயி அந்தக் கம்பத்தக் கேளுங்க."

அண்ணன் நன்றாக இருக்கிறான் என்று அவருக்குச் சொல்ல மூன்று நாள் ஆனது. சொல்லாமல் இருந்ததற்கு நான் வருத்தப்பட்டதில்லை.