சபர் மாதத்து அகத்தி

அகத்திப் பூவைக் காம்போடு பிய்த்து அடியில் உறிஞ்சினால் துளியூண்டு இனிப்பு வரும். அதன் பின்னாலேயே கசப்பும் வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். மார்க்கையன்கோட்டைக்கு மேற்கே எங்கள் அத்தா குத்தகைக்குப் பிடித்திருந்த வெற்றிலைக் கொடிக்காலில் அந்தப் பூவைச் சப்பிக்கொண்டே திரிந்தவள் நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. ஏன் நின்றது என்பதும் இந்த அகத்தியில்தான் இருக்கிறது.

வெற்றிலைக்கொடி தன்னால் நிற்காது. பாத்திக் கரையில் முதலில் அகத்தி விதையை ஊன்றி, அது வளர்ந்த பிறகுதான் கொடியைப் பதிப்பார்கள். ஏற ஏற வாழை நாரால் அகத்தியோடு கட்டிக்கொண்டே போவார்கள். கொடிக்கு ஊன்றுகாலும் அதுதான், குடையும் அதுதான். சித்திரை வெயிலுக்குத் தழையை விட்டுவைத்து, ஆனி பிறந்ததும் ஏணி போட்டுக் கொண்டையைக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் தலைக்கனத்தோடு நிற்கிற அகத்தியை எங்கள் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்று வேரோடு சாய்த்துவிடும்.

அந்த வருடம் ஆனியில், எங்கள் முஸ்லிம் மாதக் கணக்கில், சபர் பிறை வந்தது. சபர் 'பீடை மாசம்', அதில் உயரத்தில் ஏறக் கூடாது, இரும்பு எடுக்கக் கூடாது என்று எங்கள் தெருப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். முந்தின சபரில்தான் என் மாமு, அம்மாவின் தம்பி, அகத்தி கழிக்க ஏறி ஏணியோடு விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார், அந்த ஆனி வரைக்கும் எழவில்லை. எதற்கெடுத்தாலும் நடுங்குகிற பிள்ளை நான். எனக்கு அது போதாதா?

"மார்க்கத்துல அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்று அத்தா சிரித்தார். நான் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினேன். மூன்று நாள் சோறு இறங்காமல் காய்ச்சலில் விழுந்ததும் அவர் அரிவாளைக் கூரையில் சொருகிவிட்டார். "சரி, அழாத. பிறை மாறட்டும், அதுவரைக்கும் ஏறல."

பக்கத்துக் கொடிக்கால் சீனி மாமா தன் அகத்தியைக் கழித்து முடித்துவிட்டு வரப்பில் நின்று கேட்டார்: "என்ன பாய், கொண்டைய வளர்த்துப் பூ வச்சுவிடப் போறீகளா?"

"பிள்ள பயப்படுதுய்யா. இன்னும் பத்து நாளுதான்."

"காத்துக்குப் பிறை தெரியுமா பாய்?"

தெரியவில்லை. சபர் முடிய ஆறு நாள் இருக்கையில், இரண்டு நாள் சாரலில் மண் இளகிக் கிடந்த ஒரு மத்தியானம், மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. ஒரு வரிசை சாய, அந்தப் பாரத்தில் அடுத்த வரிசை சாய, கட்டியிருந்த கொடியெல்லாம் கணுக் கணுவாக அறுந்து சேற்றில் விழுந்தது. அத்தா ஓர் அகத்திக்கு முதுகைக் கொடுத்து நின்றார், அதுவும் அவரைத் தள்ளிக்கொண்டே படுத்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் சீனி மாமாவின் மொட்டை அகத்திகள் அப்படியே நின்றன. அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

குத்தகை போனது. அத்தாவும் அம்மாவும் மலைக்கு மேலே ஏலத் தோட்டத்து வேலைக்குப் போக, நானும் பின்னாலேயே போனேன், பள்ளிக்கூடத்தை விட்டு. யார் கேட்டாலும் "காத்து முந்திருச்சு" என்பார் அத்தா. ஒரே ஒரு நாள் அம்மா ஆற்றாமல், "பச்சப்பிள்ள பேச்சக் கேட்டு இப்பிடிப் பண்ணிட்டீகளே" என்றபோது, "சத்தம் போடாத, அவ காதுல விழப்போகுது" என்று பதறினார். விழுந்துவிட்டது. பாயில் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

இப்போது அந்த இடத்தில் தென்னை நிற்கிறது. அந்தப் பக்கம் அகத்தி ஊன்றுகிறவர் யாருமில்லை. 'என்னாலதான் அத்தா, எனக்குத் தெரியும்' என்று ஒரு தடவை அவரிடம் சொல்லிவிட வருடக்கணக்காக நினைத்தேன். இன்றைக்கு இருமுகிறார், நாளைக்குச் சொல்லலாம். நோன்பு முடியட்டும், பெருநாள் கழியட்டும், என்று தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆண்கள் அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியபோது, வாசலில் நின்று வாய்க்குள்ளேயே சொன்னேன். அவர் கேட்கிற தூரத்தில் இல்லை.