தாய்மாமன் பாடக்கூடாத கல்யாணம்

செட்டிகுளத்துப் பக்கம் சாவு விழுந்தால் ஒப்பாரி பாட என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணக் கச்சேரிக்கும் கூப்பிடுவார்கள், வாசிக்க மட்டும். கிளாரினெட், கீபோர்டு, ரிதம் பேடு, தவில் எல்லாம் கைக்கு வரும். குழுவில் எவன் வரவில்லையோ அவன் இடம் என் இடம். ஒரு தடவை பெரம்பலூர் மண்டபத்தில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று மட்டும்தான் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா பதறி எழுந்து, "ஐயையோ, யாரு போயிட்டா?" என்று கேட்டது.

அக்கா மகள் கல்யாணத்தில் நான் பாடியே தீருவது என்று இருந்தேன். அவள் என் வீட்டிலேயே வளர்ந்தவள். தாய்மாமன் சீரோடு சேர்த்து ஒரு பாட்டு, அவ்வளவுதான். பேராசை இல்லை.

மாப்பிள்ளை வீடு விக்கிரமங்கலம். முகூர்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. போன மாசம் எங்க பங்காளி வூட்டு எழவுல நீங்கதான் பாடுனீங்க. ஊரே கதறுச்சு. எது வேணாலும் வாசிங்க. வாய மட்டும் தொறக்காதீங்க. நல்ல காரியம் பாருங்க."

பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. சுருக்கென்று கோபம் வந்தது. சம்பந்தி வீட்டாரிடம் சண்டை போட்டால் அக்கா என்னை உயிரோடு விடமாட்டாள். "சரிங்க" என்றேன். கிளாரினெட் வாசித்தேன். பேடுக்காரன் சாப்பிடப் போனதும் பேடு தட்டினேன்.

தாலி கட்டி முடிந்ததும் பெண் தன் மாமனாரிடம், "மாமா, எங்க மாமா ஒரு பாட்டுப் பாடட்டும்" என்றாள். அவர் மகனைப் பார்த்தார். மகன் மைக்கை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டான். நல்ல பையன்.

அவள் தொட்டிலில் கிடந்தபோது பாடிய தாலாட்டைப் பாடினேன். குரலைக் கொஞ்சம் தூக்கி, சிரித்த முகமாக. இரண்டாவது அடியிலேயே அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். மாமனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! போச்சுடா என்று பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.

"ஏன்டி, எழவுப் பாட்டு மாதிரியா இருந்துச்சு?"

"அட போ மாமா, நல்லாத்தான் பாடுன" என்று மூக்கை உறிஞ்சினாள். "இனிமே ஒன் பாட்டக் கேக்கணும்னா மூணு பஸ்ஸு ஏறணும்ல."