பேசாத நடுப் பட்டன்

ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஸ்டுட்கார்ட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. சுவரில் ஆணி அடித்தால் கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்துவிடுவார். அன்று நான் அடித்தது ஆணியில்லை, கீபோர்டு. "கடிகாரம் ரிப்பேர் செய்கிறீர்களா?" என்றார். "இல்லை, அப்பா பேசுவதற்கு" என்றேன். என் ஜெர்மன் அவ்வளவுதான். அவர் கழுத்தை நீட்டி அறைக்குள் அப்பாவைத் தேடினார்.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். ராஜபாளையத்து நூல் மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. நான் கிருஷ்ணன்கோவிலுக்குப் படிக்கப் போகும்போது, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து "ஏலே, சாப்பாட்ட விட்டுட்டுப் போறியே!" என்று கத்தினால் காலேஜ் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். பக்கவாதம் அந்தக் குரலைக் கொண்டுபோய்விட்டது. இடது கை மட்டும் தப்பியது. வீடியோ காலில் நான் பேசப் பேச அசையாமல் பார்ப்பார். காதில் விழுகிறதா, அலுத்துவிட்டதா, தெரியாது. பயந்து சீக்கிரம் வைத்துவிடுவேன்.

போன் திரை அவர் விரலுக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் அமுக்கினால் டக்கென்று கேட்கிற சுவிட்சுகள் வாங்கி, ஒன்பது பெரிய பட்டன்களோடு நானே ஒரு கீபோர்டு செய்ய உட்கார்ந்தேன். தண்ணி, வலிக்குது, ஃபேன் என்று பட்டனுக்கொரு சொல். அமுக்கினால் பக்கத்தில் வைத்த டேப்லெட் அதைச் சொல்லும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன்தான், ஆனால் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங்கை ரெக்கார்டு நோட்டில் வரைந்ததோடு சரி. ஈயம் பூசினதுபோலவும் இருக்க வேண்டும், பூசாததுபோலவும் இருக்க வேண்டும் என்பார்களே, நான் பற்றவைத்த இடங்கள் கொழுக்கட்டை அளவில் இருந்தன. உடன் வேலை பார்க்கும் மார்ட்டின்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

முடித்த அன்று ஆயுத பூஜை. மனைவி சந்தனம் குழைத்து நடுப் பட்டனுக்குப் பொட்டு வைத்தாள், மேலே குங்குமம். புது ஸ்கூட்டருக்கு வைக்காமலா ஓட்டுவோம்? மறுநாள் நடுப் பட்டன் டக்கென்றது, தண்ணி என்று சொல்லவில்லை. மார்ட்டின் சுவிட்சின் மேல் மூடியைக் கழற்றி, உள்ளே இறங்கிக் காய்ந்திருந்த சந்தனத்தைக் காட்டி, "துருவா?" என்றார்.

"ஆசீர்வாதம்."

"சரி, அதைத் துடைத்துவிடுவோம்."

துடைத்தும் பிழைக்கவில்லை. மாற்ற ஒரு சுவிட்ச் மிச்சமிருந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்து மகாராஜபுரத்து நண்பர் ஒருவர் அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டார், ஈயத்தை உருக்கி மாற்ற நேரமில்லை. தண்ணியை ஓரத்துப் பட்டனுக்கு மாற்றி, நடுவை வெறுமனே விட்டு, அவர் பெட்டியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வீடியோ காலில், கீபோர்டு அப்பாவுக்குப் பழகிவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அத ஏன் கேக்க! அவிய நடுவுல இருக்கதத்தான் அமுக்குதாவ. மத்ததத் தொடவே மாட்டேங்காவ."

"அது வேல செய்யாதும்மா. எடுத்துச் சொல்லு."

"செத்த நேரம் பொறுய்யா. நீ பாட்டுக்குப் பேசு."

பேசினேன். குளிர் தொடங்கிவிட்டதை, கடையில் முருங்கைக்காய் வாடிக் கிடந்ததை. டக். புது மேனேஜரைப் பற்றிச் சொன்னேன். டக். நான் நிறுத்தினேன், அங்கேயும் நின்றது.

"பொறவு என்னாச்சுன்னு சொல்லேன்" என்றாள் அம்மா. "அப்பா உம் கொட்டுதாவல்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்று ரொம்ப நேரம் பேசினேன். சொல்ல ஒன்றுமில்லாமல் போனபோது, மேசையில் கிடந்த மிச்ச சுவிட்சை எடுத்து ஒரு டக் அமுக்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டக் வந்தது. மறுபடி நான், மறுபடி அவர். ஞாயிற்றுக்கிழமைதான். கீழ் வீட்டு அம்மாளின் செருப்புச் சத்தம் படியேறி வந்தது. நான் அமுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.