லெயோனீஸின் வெட்டுக்கத்தி

குவாதலூப் தீவின் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் லெயோனீஸுக்குப் பத்தொன்பது வருட வேலை. நோயால் வெள்ளைக்கோடு விழுந்த கரும்பு இலைகளை வெட்டி உறையில் போட்டு, வயல்காரர் பெயரை எழுதுவாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைக் கிருமி கொல்லும் மருந்தில் முக்கி எடுப்பாள்.

ஊர் நடவில் மட்டும் முக்குவதில்லை. அவளோடு சேர்த்து நாலு குடும்பங்கள் முறை வைத்து, ஒருவர் வயலில் ஒருவர் நடவுக்குக் கரும்பைக் கரணைகளாகத் துண்டு வெட்டுவார்கள். அங்கே கத்தியைக் கழுவினால், உன் கரும்பு அசுத்தம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அப்புறம் அந்த வீட்டார் கைகொடுக்க வரமாட்டார்கள். தனி ஆளான லெயோனீஸால் தன் வயலை நட்டு முடிக்க முடியாது.

அந்த வருடம் நாலு வயலிலும் கோடு விழுந்தது. நோயைக் கொண்டுவந்தது என்று எல்லாரும் புயலைத் திட்டினார்கள். அவள் நாலு வயல் இலைகளையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

"நாலுலயும் ஒரே பாக்டீரியாதான் அக்கா," என்றாள் அங்கே வேலை பார்க்கும் க்ளோதில்ட். "மரபணு அச்சு அசலா ஒண்ணு. பக்கத்து ஊர்ல எல்லாம் வேற வகை. காத்துல வந்திருந்தா அதுல ஒண்ணாவது இங்க வந்திருக்கணும்."

"இந்த வகை வேற எங்க இருக்கு?"

"ஒரே இடம்தான். மரி-கலாந்த் தீவுல உங்க மச்சான் தோட்டம்."

போன வருடம் லெயோனீஸ் கரணை வாங்கியது அங்கேதான். முறையில் முதல் நடவும் அவள் வயலில்தான்; அங்கே வெட்டிய அதே கழுவாத கத்திகள்தான் மற்ற மூன்று வயலுக்கும் போயின. அவள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

நோய்க்கரும்பைப் பிடுங்கி எரித்தார்கள். புதுக் கரணை வந்தது. இந்த முறை முதல் நடவு நாலு வீட்டில் ஒருவரான ஓநேசிம் வயலில். லெயோனீஸ் மருந்து கலந்த வாளியோடு போய்க் கத்தியை முக்கினாள்.

ஓநேசிம் இடுப்பில் கை வைத்தார். "ஏம்மா, என் கரும்பு என்ன அழுகின மீனா?"

"உங்க கரும்புக்கு இல்லண்ணே, என் கத்திக்கு. நோய் என் வயல்லேர்ந்துதான் வந்துச்சு. ஆய்வுல தெரிஞ்சுபோச்சு."

இன்னொரு வீட்டுக்காரரான தெலமோன் கத்தியை உறையில் செருகி, மகன்களை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

"அப்போ புயலை நான் சும்மாவா திட்டினேன்?" என்ற ஓநேசிம், தன் கத்தியையும் வாளிக்குள் விட்டார். "இதுவும் உன் வயல்ல வெட்டினதுதானே. நல்லா ஊறட்டும்."

அடுத்த வாரம் லெயோனீஸின் நடவுக்கு இரண்டு வீட்டார்தான் வந்தார்கள். ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் ஆனது. மருந்து வாளி வரப்பிலேயே இருந்தது; ஒவ்வொரு வெட்டுக்கும் எல்லார் கத்தியும் அதில் முங்கி எழுந்தது.